மோரிஸ் மைனரோடு கிளப் ரன்னுக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். நாட்டிங்ஹாமில் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் உங்கள் அப்பப்பா வைத்திருந்ததைப் போலவே ஒரு மோரிஸ் மைனரை, 1967-இல் வந்ததை, போன மாதம் வாங்கியிருக்கிறீர்கள். பழைய பிரிட்டிஷ் கார் கிளப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைகளில் போகும் பயணங்களில் உண்மையில் என்ன நடக்கும், அதை உங்கள் வண்டி தாங்குமா, மனைவியையும் இரண்டரை வயது மகளையும் கூட்டிப் போகலாமா என்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது, அங்கே எல்லோருக்கும் பாரமாகிவிடுவேனோ?” உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாரமாக மாட்டீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒழுங்காக நடக்கும் கிளப் ரன் எதுவானாலும், ஆக மெதுவாகப் போகும் வண்டியையும் ஆகப் புதிதாக வந்த ஆளையும் மனதில் வைத்துத்தான் திட்டமிடப்படுகிறது. டெர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பின் வட்டாரக் கிளையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் 8 ஆண்டுகளாக, ரன்கள் போகும் பாதையைத் திட்டமிடும் வேலை என்னுடையது. தொழிலில் மெக்கானிக்கல் எஞ்சினியர், வைத்திருப்பது 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். பாதையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் நான் சொல்லப்போவது கையால் செய்து தெரிந்துகொண்டது. சட்டம், இன்சூரன்ஸ் பற்றிச் சொல்வதை மட்டும் நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரன் என்பது பந்தயம் இல்லை. நேரம் குறிப்பதில்லை, முதலாவது கடைசி என்று எதுவும் இல்லை. காலை ஒன்பதரை மணி வாக்கில் ஒரு கார்டன் சென்டரிலோ கிராமத்து மன்றத்தின் வாசலிலோ கூடுவோம். டீ, பன், பத்து பானெட்டுகளை, அதாவது எஞ்சின் மூடிகளைத் திறந்து பார்த்தல் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டதும் கையில் ஒரு ரோட்புக் தருவார்கள். அதில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம் இருக்கும். புள்ளி இருக்கும் பக்கத்திலிருந்து நீங்கள் வருகிறீர்கள், அம்பு காட்டும் பக்கம் போகிறீர்கள், அவ்வளவுதான். நெதர்லாந்தின் டூலிப் ராலியில் இருந்து வந்த முறை என்பதால் இதை டூலிப் படம் என்போம். பக்கத்திலேயே மைல் கணக்கு இருக்கும். அதைப் பார்த்துச் சொல்வது இடது சீட்டில் இருப்பவரின் வேலை. உங்கள் மனைவிக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். உங்கள் மைல் மீட்டர் ரோட்புக்கோடு அப்படியே ஒத்துப்போகாது. மைலை விட ஊர்ப்பலகையையும் தேவாலயத்தையும் நம்பச் சொல்லுங்கள்.

எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நல்ல கிளப்பில் அப்படிச் செய்ய மாட்டார்கள். இருபது வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போனால் பார்க்க அழகாக இருக்கும், ஓட்டுபவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் வேதனை. குறுகிய பாதையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் நடுவே மாட்டிக்கொண்டால் இருபது வண்டிகளையும் தாண்டவே முடியாது. அதனால் இரண்டிரண்டாக, சில நிமிட இடைவெளி விட்டு அனுப்புவோம். உங்களுக்குப் பின்னால் நீளமாக வரிசை சேர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது இங்கே சாலை விதிநூலிலேயே இருக்கிறது, 169-ஆவது விதி. மைனர் ஓட்டுபவருக்கு மிகவும் பயன்படும் விதி அது. எல்லோருக்கும் கடைசியில் ஒரு வண்டி வரும், அதை ஸ்வீப்பர் என்போம். கயிறு, தண்ணீர், ஜம்ப் லீட், கருவிப்பெட்டி எல்லாம் அதில் இருக்கும். அவர் யாரையும் முந்த மாட்டார். வழியில் யார் நின்றாலும் அவரும் நிற்பார்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. முதன்முதலாக நான் போட்ட பாதையில் காஸில்டனுக்கு மேலே இருக்கும் வின்னட்ஸ் பாஸை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏற்றமாக வைத்தேன். இருபுறமும் சுண்ணாம்புக்கல் சுவர் போல உயர்ந்து நிற்க, நடுவே பிளந்துகொண்டு ஏறும் பாதை. பீக் டிஸ்ட்ரிக்டில் எனக்கு ஆகப் பிடித்த இடம். ஏற்றம் 20 சதவீதம், அதாவது ஐந்தடி போனால் ஓரடி ஏறும். பக்கத்தில் மாம் டோர் மலையடிவாரத்தில் இருந்த பெரிய சாலை மண்சரிவால் 1979-இல் நிரந்தரமாக மூடப்பட்டதிலிருந்து அந்தப் பக்கத்துக் கார்களும் இந்தக் குறுகிய பிளவு வழியாகத்தான் ஏறுகின்றன. ஞாயிறு மதியம் என்றால் நின்று நின்றுதான் நகரும். எங்களில் ஒருவர் 1930-களின் ஆஸ்டின் செவன் ஒன்றில் வந்திருந்தார். அவருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் முன்னால் போனவர்கள் நிற்க, அவரும் நிற்க, வண்டி கொதித்துவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்து, நாலு பேர் பிடித்து, முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. மாலையில் இன்னொரு மூத்த உறுப்பினர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாதை போடும்போது உன் வண்டியில் உட்கார்ந்து யோசிக்காதே, அவர் வண்டியில் உட்கார்ந்து யோசி” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாதையையும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு மாதம் முன்னால் ஒருமுறை, அந்த வாரத்தில் ஒருமுறை. எங்கே ஏற்றத்தில் நிற்க நேரும், எங்கே ஒதுங்க இடம் இருக்கிறது, எந்தச் சாலையில் புதிதாக ஜல்லி தூவியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். டீக்கடைக்கும் முன்கூட்டியே போன் செய்துவிடுவேன். சொல்லாமல் நாற்பது பேர் போய் நின்றால் அந்தக் கடைக்காரருக்கு அது கொடுமை.

நாட்டிங்ஹாமிலிருந்து பீக் டிஸ்ட்ரிக்ட் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம் அது. நான் அடிக்கடி போடும் சுற்று ஒன்றைச் சொல்கிறேன், தனியாகவும் போய்ப் பார்க்கலாம். பேக்வெல்லில் கிளம்பி மான்சல் ஹெட்டில் நின்றால், கீழே ஆறு வளைந்து போவதும் அதன்மேல் பழைய ரயில் பாலமும் தெரியும். அங்கிருந்து டைட்ஸ்வெல், பிராட்வெல், ஹோப் வழியாகக் காஸில்டன். வின்னட்ஸைப் பதினோரு மணிக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். மேலே போய் மாம் டோரின் தோளைத் தாண்டினால் ஈடேல் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் விரியும். அந்த இறக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டாதீர்கள், செங்குத்து, வளைவு, சாலையிலேயே படுத்திருக்கும் ஆடுகள். பள்ளத்தாக்கோடு திரும்பி ஹோப்புக்கு வந்து, பாம்ஃபோர்ட் வழியாக லேடிபவர் நீர்த்தேக்கம். அதற்கு மேலே இருக்கும் டெர்வென்ட் அணையில்தான் 1943-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆவது படைப்பிரிவு ஜெர்மன் அணைகளைத் தாக்கப் பயிற்சி எடுத்தது. எங்கள் கிளப்பில் அந்தக் கரையில் நின்று பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் உண்டு. அப்புறம் ஏ57-ஐப் பிடித்து ஸ்னேக் பாஸ். 512 மீட்டர் உயரத்துக்கு ஏறும், ஆனால் வின்னட்ஸ் மாதிரி ஒரே மூச்சில் இல்லை, மைல் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. மைனருக்கு இந்த ஏற்றம்தான் பொருத்தம். மண்சரிவும் பனியும் அந்தச் சாலையை அவ்வப்போது மூடிவிடும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் கிளாஸப்பில் இறங்கி, ஹேஃபீல்ட், சாப்பல்-என்-லெ-ஃப்ரித் வழியாகப் பக்ஸ்டனில் முடிப்போம். ஏறத்தாழ 55 மைல், நின்று நின்று போனால் ஒரு நாள் சரியாக இருக்கும்.

சரி, வண்டி தாங்குமா? நான் உங்கள் வண்டியைப் பார்த்ததில்லை, அதனால் மாடலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மைனர், பத்து லட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதல் பிரிட்டிஷ் கார். 1962-க்குப் பிந்தையது என்பதால் உங்களுடையதில் 1098 சிசி எஞ்சின், 48 குதிரைத்திறன். நல்ல நிலையில் இருந்தால் நான் சொன்ன பாதை முழுவதையும் அது போகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கள் கிளையில் இரண்டு மைனர்கள் வருடம் தவறாமல் போகின்றன. ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்றத்தில் வேகம் செத்த பிறகு முதல் கியருக்குத் தடுமாறுவதை விட, அடிவாரத்திலேயே இரண்டாம் கியருக்கு வந்து முன்னால் இடைவெளி விட்டு ஏறுவது நல்லது. இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும்.

மைனரில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியன் என்ற மரையிட்ட மூட்டு. கிரீஸ் காணாமல் மரை தேய்ந்தால் மூட்டு கழன்று சக்கரம் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். வாங்கியவுடன், எந்த ரன்னுக்கும் போகும் முன்னால், மைனர் தெரிந்த ஒருவரிடம் முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டிவிடுங்கள். இது ஒன்றுதான் என் கண்டிப்பான வேண்டுகோள். இன்னொன்று, மின்சாரம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் இது தலைகீழ். அதனால் போன் சார்ஜர் எதையும் யோசிக்காமல் மாட்டாதீர்கள். வேறொரு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு வண்டிகளின் உடலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வெப்பமானியும் இந்தக் காரில் கிடையாது. ஏற்றம் முடிந்ததும் ஒரு நிமிடம் நின்று முகர்ந்து பாருங்கள், கூலன்ட் கசிந்தால் இனிப்பு வாடை காட்டிக்கொடுக்கும். டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட், பாயின்ட்ஸ், கண்டென்சர் (இரண்டும் இக்னிஷன் பாகங்கள்), ஐந்து லிட்டர் தண்ணீர் போட்டு வையுங்கள். உங்களுக்கு மாட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட வருகிற பத்துப் பேருக்குத் தெரியும், பொருள் கையில் இருப்பதுதான் முக்கியம்.

பெட்ரோல் விஷயத்தில் உறுதியானதையும் இன்னும் வாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் அரிக்கும் என்பது உறுதி. எவ்வளவு சீக்கிரம் என்பதில் எங்கள் கிளப்புக்குள்ளேயே இரண்டு கட்சி. சூப்பர் என்று விற்கும் 97 ஆக்டேன் இ5-ஐப் போட்டு, குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டால் அந்த வாதமே உங்களுக்குத் தேவையில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-த்தில் நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட்டுகள் தேயக்கூடும் என்பதால், எஞ்சின் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு சீட் பொருத்தியிருக்கிறதா என்று முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் டேங்கில் கலக்கும் மருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். நாற்பது ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி பூஜ்யம், ஆனாலும் வருடாவருடம் பதிய வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத இந்த வயது வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் நான் என் வண்டியை ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்கு விடுகிறேன், நீங்களும் விடுங்கள். குடும்பம் ஏறும் வண்டியின் அடிப்பாகத்தை வருடத்தில் ஒருநாள் வேறொருவர் கண் பார்க்கட்டும். இன்சூரன்ஸ் பாலிசி ஆளுக்கு ஆள் வேறுபடும். கிளப் ரன்னுக்கு அதில் இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் சட்டம் தெளிவு. சீட் பெல்ட் இல்லாத பழைய காரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது, மூன்றைத் தாண்டியவர்கள் பின்சீட்டில் மட்டும் உட்காரலாம். உங்கள் வண்டியில் முன்னால் பெல்ட் இருந்தாலும் பின்னால் இருக்க வாய்ப்புக் குறைவு. மைனருக்குப் பின்சீட் பெல்ட் பொருத்தலாம், ஆனால் அடித்தகட்டில் வலுவான பிடிமானம் போட்டு, தெரிந்தவர் செய்ய வேண்டும். குழந்தை இருக்கை அதில் சரியாக உட்கார்கிறதா என்பதையும் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவளையும் அம்மாவையும் உங்கள் வழக்கமான காரில் பின்னால் வரச் சொல்லுங்கள். எங்கள் ரன்களில் இப்படிப் புதுக் காரில் கூட வருகிற குடும்பங்கள் எப்போதும் உண்டு, யாரும் வேறாகப் பார்ப்பதில்லை. மகளுக்கு ரன்னை விடக் கோடைகாலப் பிக்னிக்குகள்தான் பிடிக்கும். புல்வெளியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து, போர்வை விரித்துச் சாப்பிடுவோம்.

கடைசியாக, அங்கே இருக்கும் மனிதர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளையில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நான் சேர்ந்தபோது வெள்ளையர் அல்லாதவன் நான் ஒருவன்தான், இப்போது நாலு பேர் இருக்கிறோம். முதல் வருடம் ஓரிருவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அது விலக்கமா, கூச்சமா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருவர் இன்று என் வீட்டுப் பொங்கலுக்கு வருகிறவர் என்பதால், அவரைப் பொறுத்தவரை கூச்சம்தான். பேச்சு தொடங்கியது ஒரு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் முன்னால். எங்கள் ஊரில் இதே கார் அம்பாசிடர் என்ற பெயரில் 2014 வரை உற்பத்தியாகிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். அதன் சொந்தக்காரர் நம்பவே இல்லை. அடுத்த மாதம் என் மாமாவின் டாக்ஸிப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இன்னொருவரின் டிரையம்ப் ஹெரால்டைப் பார்த்ததும் என் அப்பா சென்னையில் ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நினைவுக்கு வந்து, அந்த பானெட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும் சத்தத்தை முப்பது வருடம் கழித்துக் கேட்டேன். உங்களிடம் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. போர்க்காலத்தில் பெட்ரோல் தடைப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்களே, அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விவரமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைப் பிரித்தே வாழ்நாளைக் கழித்த மனிதர்கள் அந்தக் கதையை எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு ஏற்ற இடம் மாதம் ஒருமுறை பப்பில் நடக்கும் ‘நாட்டர்’. அரட்டைதான், வேறொன்றுமில்லை. குடிக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். முதல் தடவை வண்டி இல்லாமல் அங்கே போங்கள். உங்கள் ட்ரனியனைப் பார்க்கும் ஆளையும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் ரன்னாக ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறன்று வரும் ‘டிரைவ் இட் டே’யை வைத்துக்கொள்ளுங்கள். 1900-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி, லண்டனிலிருந்து எடின்பரோ வரை போய்த் திரும்பிய ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்தின் நினைவாக, நாடு முழுக்கப் பழைய வண்டிகள் வெளியே வரும் நாள். அந்த ஓட்டம் உங்கள் நாட்டிங்ஹாமிலும் தங்கிப் போனது. குளிர்காலத்தில் தூவும் உப்பை அதற்குள் மழை கழுவியிருக்கும், சுற்றுலாக் கூட்டமும் இன்னும் சேர்ந்திருக்காது. அன்று காலை கையெழுத்துப் போடும்போது, இது உங்கள் முதல் ரன் என்று சொல்லி, ஸ்வீப்பர் வண்டிக்கு நேர் முன்னால் இடம் கேளுங்கள்.